அடி திறந்த மோதிரம்

‘டிக்’.

அவ்வளவுதான் சத்தம். நகத்தைப் பல்லால் கடித்தால் வருமே, அந்த அளவு. கும்மிடிப்பூண்டி பஜாரில் கன்னியப்ப பத்தரின் கடைக்கு வெளியே இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. கிளீனர் அதன் முதுகில் தட்டித் தட்டி “வரலாம், வரலாம்” என்று கத்திக்கொண்டிருந்தான். அத்தனை இரைச்சலிலும் அந்த ‘டிக்’ என் காதில் விழுந்தது. என் காது அப்படி. எட்டு மணி நேரம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பழகிய காது.

பத்தர் கையிலிருந்த சின்ன உளியைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் நைனா, “இன்னா பத்தரே?” என்றார்.

பத்தர் ஒரு கட்டையின் முனையில் அரக்கு வைத்து அதில் மோதிரத்தை அசையாமல் பதித்திருந்தார். அந்தக் கட்டையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மோதிரத்தில் இருந்த பச்சைக்கல்லின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. அங்கிருந்து ஒரு மயிரிழைக் கோடு கல்லின் நடுவரைக்கும் ஓடியிருந்தது.

என் நிச்சயதார்த்தத்துக்கு அப்போது மூன்று வாரம்கூட இல்லை. மோதிரம் மாப்பிள்ளைக்கு நாங்கள் போட வேண்டியது. தங்கம் எங்களுடையது. கல் மட்டும் மாப்பிள்ளையின் அம்மா கொடுத்தனுப்பியது. பள்ளிப்பட்டு ஜோசியர் ஒருவர் பார்த்துச் சொல்லி, அந்த அம்மாள் தேடி வாங்கி, பரீட்சை செய்து, மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்த மரகதம் அது.

அதை உடைத்தது பத்தரின் உளிதான். ஆனால் உடைந்ததற்குக் காரணம் நான். இதை நான் எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர், “எழுது, ஊருக்கே தெரிஞ்ச கதைதானே” என்றார். ஊருக்குத் தெரிந்தது பாதிதான்.

ரகசியம் கேட்ட காது

எக்ஸ்சேஞ்சு நாட்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். ‘டெலிபோன் ஆபரேட்டராக இருந்தீர்களே, ஊர் ரகசியமெல்லாம் கேட்டிருப்பீர்களே?’ என்று. கேட்டிருக்கிறேன் அம்மா. கேட்கக் கூடாது என்று விதி. ஆனால் லைன் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு நிமிஷம் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் அரிசி மண்டிக்காரரின் இரண்டாவது குடும்பம் வரைக்கும் தெரிந்துவிடும்.

எங்கள் எக்ஸ்சேஞ்சு ஒரு வாடகை வீட்டின் முன்னறை. ஒரு போர்டு, இரண்டு நாற்காலி, மேலே ‘கடக் கடக்’ என்று சுற்றும் ஒரு ஃபேன். யாராவது போனை எடுத்தால் போர்டில் அவர்கள் நம்பருக்கு மேல் ஒரு சின்னத் தகடு விழும். நாங்கள் ஒயரைச் செருகி நம்பர் கேட்டு, கேட்ட இடத்துக்கு இன்னொரு ஒயரைச் செருகுவோம். முதல் நாற்காலியில் நான். இரண்டாவதில் சுசீலா. அவளுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. அதனால் உலகத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நேற்று வரைக்கும் வேர்க்கடலை போட்ட நிலத்தில் இன்று கம்பி வேலி போட்டு, வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பார். எங்கள் போர்டிலும் மாதத்துக்கு இரண்டு புது நம்பர் சேரும். அதில் பன்னிரண்டாம் நம்பர் ஒரு இரும்புக் கம்பெனியின் ஸ்டோர். அங்கே ஸ்டோர் கீப்பர் பூபாலன். பொன்னேரிக்காரர். எனக்குப் பார்த்த மாப்பிள்ளை.

கவரப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு அவர் பெண் பார்க்க வந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. சொஜ்ஜியைச் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், போனார். நான் கூட ஊமையோ என்று பயந்தேன். மறுநாள் பன்னிரண்டாம் நம்பர் தகடு விழுந்தது. ஒயரைச் செருகி, “நம்பர் சொல்லுங்க” என்றேன். மறுபக்கம் தொண்டையைக் கனைக்கும் சத்தம். “நம்பர் இன்னும் யோசிக்கல” என்றது ஒரு குரல்.

அன்றிலிருந்து ஸ்டோருக்கு அடிக்கடி நம்பர் தேவைப்பட்டது. “அந்த ஆளு கம்பெனில சரக்கே கெடையாதா, எந்நேரமும் போன்லியே கீறாரு” என்பாள் சுசீலா.

மூன்று நாள் பரீட்சை

பூபாலனின் அம்மா ஆதிலட்சுமி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே நான் அத்தை என்றுதான் கூப்பிட்டேன், அவரே அப்படிக் கூப்பிடச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் போன பிறகு ஒற்றை ஆளாக நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மகனைப் படிக்க வைத்தவர். ஆள் தைரியசாலி. வரப்பில் பாம்பு படுத்திருந்தால் குச்சியால் தள்ளிவிட்டு நடப்பார். ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் நடுங்குவார். பூபாலனுக்கு முதலில் வேறொரு இடத்தில் பேசி முடித்திருந்தார்கள். பாக்கு வெற்றிலை மாற்றும் அன்று பெண் வீட்டில் உடைத்த தேங்காய் அழுகல். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அப்புறம் வரன் அமைய எத்தனை காலம் ஆயிற்றோ தெரியாது. இதை எங்கள் வீட்டில் எல்லோரும் அறிவோம். அழுகாத தேங்காயாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று நைனா அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அத்தைக்கு ராசிக்கல் விஷயத்தில் ஒரு கணக்கு. கல்லை வாங்கியதும் மோதிரத்தில் பதித்துவிடக் கூடாது. முதலில் துணியில் முடிந்து, போட்டுக்கொள்ளப் போகிறவர் புஜத்தில் மூன்று நாள் கட்டிப் பார்க்க வேண்டும். பச்சைக்கல் புதனுக்கு உரியது, அதனால் புதன்கிழமை காலையில் கட்டி வெள்ளி ராத்திரி அவிழ்க்க வேண்டும். அந்த மூன்று நாளில் நல்லது நடந்தால் கல் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். கெட்டது நடந்தால் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பூபாலன் கட்டிக்கொண்ட மூன்றாம் நாள் கம்பெனியில் வேலை நிரந்தரம் என்று உத்தரவு வந்தது. அத்தை அந்தக் கல்லை சாமி படத்துக்கு முன் வைத்துக் கற்பூரம் காட்டினாராம். அதுதான் பத்தரிடம் உடைந்தது.

நான் செய்த தப்பு

கல் எங்கள் கைக்கு வந்த வாரம் பன்னிரண்டாம் நம்பர் தகடு விழுந்தது. “அம்மா ஒண்ணு சொல்லச் சொல்லுச்சி” என்றார் பூபாலன். “மோதரத்துல கல்லோட அடி தொறந்து இருக்கணுமாம். கல்லு வெரல் தோலைத் தொட்டாதான் பலனாம். பத்தருகிட்ட சொல்லிடு.”

சரி என்றேன். அதோடு வைத்திருக்கலாம். அவர் வைக்கவில்லை. கம்பெனிக்குப் பின்னால் குட்டையில் எங்கிருந்தோ நாரை வந்து இறங்கியிருக்கிறது, நூறு இருக்கும், அத்தனையும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்றார். பெண் பார்க்க வந்த அன்று ஒரு வார்த்தை பேசாத மனுஷன், ஒரு நாரைக்கூட்டத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். கேட்டுக்கொண்டே இருந்தேன். போர்டில் மூன்று தகடு விழுந்து கிடந்தது. சுசீலா என் தொடையில் கிள்ளினாள். அன்று வீட்டுக்குப் போகும்போது நாரை ஞாபகம் இருந்தது. அடி திறந்த மோதிரம் சுத்தமாக மறந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் அப்போது மோதிரத்தில் கல் பதித்தால் அடியை மூடித்தான் பதிப்பார்கள். உள்ளே வெள்ளித் தகடு வைத்தால் கல் நன்றாக மின்னும். கன்னியப்ப பத்தரும் அப்படியே பதித்து முடித்துவிட்டார். மோதிரத்தை வாங்க நைனாவோடு நானும் போனேன். பத்தர் அதைத் தன் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். “பாரு பாப்பா, எப்டி கீது?”

திருப்பிப் பார்த்தேன். அடி மூடியிருந்தது. போனில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“அடி தொறந்து இருக்கணும்னாங்க” என்று முணுமுணுத்தேன்.

நைனா என்னைப் பார்க்கவில்லை, பத்தரைத்தான் பார்த்தார். “ஏன் பத்தரே, ராசிக்கல்லுன்னு சொல்லித்தானே குடுத்தேன்? அடி தொறக்கணும்னு உனக்குத் தெரிய வாணாமா?”

பத்தர் தலையைச் சொறிந்தார். “தெரியும்ணே. நான் ஒரு வார்த்த கேட்டு இருக்கணும். என் தப்புதான். இப்பவே தொறந்து குடுத்துடறேன், குந்து.”

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ‘எனக்குச் சொன்னார்கள், நான்தான் மறந்துவிட்டேன்’ என்று ஒரு வரி. சொல்லியிருந்தால், ‘எப்படி மறந்தாய்’ என்பார் நைனா. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையோடு தினமும் போனில் பேசுகிற விஷயம் வெளியே வரும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். பத்தர் அரக்கைச் சுட வைத்தார், மோதிரத்தைப் பதித்தார், கல்லைப் பிடித்திருந்த தங்க விளிம்பை உளியால் மெல்ல நெம்பினார். மரகதம் பொல்லாத கல், ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் விட்டுவிடும் என்று அவரே அப்புறம் சொன்னார்.

‘டிக்’.

நைனா பத்தரைத் திட்டியதை நான் இங்கே எழுத மாட்டேன். இருபது வருஷப் பழக்கம் அவர்களுக்குள். என் அம்மா கழுத்துத் தாலி பத்தர் செய்தது. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “உடுண்ணே, இதே மாதிரி கல்லு நான் தேடிக் கொணாந்து பதிச்சிக் குடுக்கறேன். பொண்ணு கல்யாணம் நிக்காது” என்றார். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. கல் உடைந்ததற்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பத்தர் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்.

பச்சையில் எத்தனை பச்சை

எனக்கு வார விடுமுறையாக இருந்த நாளில் பாசஞ்சர் வண்டியில் மூன்று பேரும் பட்டணம் போனோம். நைனா ஜன்னலோரம், பத்தர் எதிர்ப்பக்கம். பேசிக்கொள்ளவில்லை. நான் கொண்டுபோன புளிச்சோற்றை மட்டும் ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டார்கள்.

பூக்கடைக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடியில் இருந்தார் கல் வியாபாரி. ஜன்னல் விளிம்பில் வெள்ளைத்தாள் விரித்து அதில் பச்சைக்கல்லாகக் கொட்டினார். பச்சை என்றால் ஒரே பச்சை என்று அதுவரை நினைத்திருந்தேன். நாற்றங்கால் பச்சை, கிளிப்பச்சை, சோடா பாட்டில் பச்சை, பாசி பிடித்த கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஒரு பச்சை. பத்தர் உடைந்த கல்லை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பக்கத்தில் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சிலதை உதட்டில் வைத்துப் பார்த்தார். நிஜக்கல் குளிரும், கண்ணாடி குளிராது என்றார். மதியத்துக்கு மேல் ஆகிவிட்டது. நைனா பொறுமை இழந்து, “எதையோ ஒண்ண எடு பத்தரே, பேஜாரா கீது” என்றார். பத்தர் காதில் வாங்கவில்லை. கடைசியில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் உடைந்ததன் பக்கத்தில் வைத்தார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் ஊருக்கு வந்த பிறகு ஒரு புதுச் சிக்கல். “பரீட்ச பண்ணாத கல்ல நான் பதிக்க மாட்டேன்” என்றார் பத்தர். “ஒரு தப்பு பண்ணிட்டேன். ராசி பாக்காத கல்ல ஒருத்தர் வெரல்ல ஏத்தி இன்னொரு தப்பு பண்ண மாட்டேண்ணே.”

“மாப்ள கையில யாரு போயி கட்டறது? அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சா முடிஞ்சிது கதை” என்றார் நைனா.

“நான் பாத்துக்கறேன்” என்றேன். எப்படி என்று நைனா கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவர் இல்லை.

புதன், வியாழன், வெள்ளி

மறுநாள் முதல்முறையாக நானே பன்னிரண்டாம் நம்பரைக் கூப்பிட்டேன். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் பூபாலனிடம் சொன்னேன். நாரையைக்கூடச் சொன்னேன். மறுபக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஒயரை ஆட்டிப் பார்த்தேன்.

“நான் கட்டிக்கினா அம்மா பாத்துடும்” என்றார். “கெணத்தாண்ட குளிக்கும்போது முதுகு தேய்க்க வரும். நீ கட்டிக்கோ.”

“நானா? கல்லு உங்களுக்குத்தானே?”

“உனக்கு நடக்கறது எனக்கும்தானே. இனிமே எல்லாம் ஒரே கணக்குதான்.”

வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. சுசீலா என் ஹெட்போனைத் தொட்டுப் பார்த்து, “இன்னாடி கரண்ட் அடிச்சிடுச்சா?” என்றாள்.

புதன்கிழமை காலையில் குளித்துவிட்டு, கல்லைத் துணியில் முடிந்து ரவிக்கைக் கைக்குள்ளே புஜத்தில் கட்டிக்கொண்டேன். பத்து மணிக்கு அரிசி மண்டிக்காரர் தன் வீட்டுக்கு லைன் கேட்டார். நான் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் எடுத்த எடுப்பில் “இன்னாடி, இன்னும் சோறு ஆவலியா?” என்று கேட்டது இன்ஸ்பெக்டரை. எனக்கு மெமோ கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை மாடு கறக்கும்போது எங்கள் பசு, ஐந்து வருஷத்தில் ஒருமுறை கூடக் கால் தூக்காத பசு, என் இடது கால் கட்டை விரலை மிதித்தது. நகம் கறுத்துப் போயிற்று. நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மழைக்காலமே இல்லை. எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து, களத்துக்கு மேல் நின்று, கொட்டிவிட்டுப் போனது. பக்கத்து ஊரில் ஒரு சொட்டு விழவில்லை. நைனா நனைந்த நெல்லைக் கையில் அள்ளிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். முடிச்சு என் கையில் இருப்பது அவருக்குத் தெரியாது. இருந்தாலும் நான் ரவிக்கைக் கையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை பூபாலனிடம் சொன்னேன். “மூணு நாளும் கெட்டதுதான் நடந்துச்சி. கல்லு ஒத்துக்கல. வேற கல்லு தேட நாளும் இல்ல.”

“மூணு நாளும் இன்னா பண்ண?” என்றார்.

“இன்னா பண்ணேன்? மெமோ வாங்கினேன், மிதி வாங்கினேன்…”

“தெனமும் நடந்தத எனக்குப் போன் பண்ணி சொன்ன. இந்தக் கல்லு வர்றதுக்கு முன்ன நீயா ஒரு நாளாவது என்னைக் கூப்ட்டுகீறியா? எப்பவும் நான்தான் கூப்புடுவேன். எனக்கு ரொம்ப ஒத்துக்கினு கீது அந்தக் கல்லு. பத்தர பதிக்கச் சொல்லு.”

அப்படிப்பட்ட ஆளைக் கட்டிக்கொள்ளாமல் விட்டிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. பத்தரிடம், “எல்லாம் நல்லபடியா நடந்துச்சு” என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, அன்றைக்கே அடி திறந்து பதித்துக் கொடுத்தார்.

உள் அறையில்

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில். கூடத்தில் பாய் விரித்து ஆண்கள், உள் அறையில் என்னைச் சுற்றிப் பெண்கள். தேங்காய் நன்றாக உடைந்தது, நைனா பெருமூச்சு விட்டது உள்ளே கேட்டது. அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் பெண்ணை மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார வைக்கிற வழக்கமில்லை. பெண்ணின் சித்தப்பாவோ அண்ணனோ போய் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுவிட்டு வருவார். என் சித்தப்பா புது வேட்டியில் தயாராக நின்றார்.

மோதிரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆதிலட்சுமி அத்தை தட்டோடு உள் அறைக்கு வந்தார். நைனா அறை வாசலில் நின்றார். அத்தை முதலில் அடியைத் திருப்பித்தான் பார்த்தார். பிறகு கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “சொன்னா மாதிரியே பண்ணிகீறாரு பத்தர்.”

“மொதல்ல தப்பாத்தான் பண்ணாரு சம்மந்தி” என்றார் நைனா. “நான் பக்கத்துலயே குந்தி சரி பண்ண வெச்சேன். வயசாயிட்ச்சி, கவனம் கெடையாது. அதான் இன்னிக்கிக் கூடக் கூப்புடல.”

பத்தரை அழைக்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அத்தை மோதிரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு கண், பிறகு இன்னொரு கண். “என் புள்ளைக்கு வேலைய நெரந்தரமாக்கின கல்லு” என்றார்.

நான் பேசாமல் இருந்திருந்தால் எதுவும் ஆகியிருக்காது. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் அந்த அம்மாள் வேறு கல்லைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரே வீட்டில் அந்தக் கண்ணைத்தானே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்?

“அத்தை, இது உங்க கல்லு இல்ல.”

என் டிரங்குப் பெட்டியிலிருந்து உடைந்த கல்லை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

“பத்தரு ஒடச்சிட்டாரா?”

“ஆமா சம்மந்தி, அந்த ஆளுதான்…” என்று நைனா ஆரம்பித்தார்.

“இல்ல நைனா. நான்தான். அடி தொறக்கணும்னு எங்கிட்ட சொல்லி அனுப்பினாங்க. நான் பத்தருகிட்ட சொல்ல மறந்துட்டேன். அவரு மூடிப் பதிச்சத மறுபடி தொறக்கப் போயிதான் ஒடஞ்சிது.”

நைனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“இத்தகூடவா மறப்பாங்க?” என்றார் அத்தை. “அவன் சொல்லும்போது நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?”

“அவரு பேசறத கேட்டுக்கினு இருந்தேன்.”

ஒரு மூலையிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுசீலாவாகத்தான் இருக்கும். அத்தை சிரிக்கவில்லை.

“இந்தக் கல்ல யாரு கட்டிப் பாத்தது? அவனா?”

“நான் கட்டிப் பாத்தேன்.”

“மூணு நாளும்? இன்னா நடந்துச்சி?”

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லலாம். சொல்லவில்லை. மெமோவைச் சொன்னேன், மாட்டைச் சொன்னேன், நெல் நனைந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, பக்கத்திலிருந்த பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கூடத்தில் பூபாலன் தொண்டையைக் கனைப்பது கேட்டது. அந்தக் கனைப்பைக் கேட்பது இதுதான் கடைசி.

“எந்தக் காலு?” என்றார் அத்தை.

புரியாமல் விழித்தேன். அவர் குனிந்து என் புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கினார். இடது காலில் மருதாணிக்கு நடுவே அந்தக் கறுத்த நகம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம்புள்ளைக்கு வர வேண்டியத நீ வாங்கிக்கினியா?”

“அப்டி நெனச்சிக் கட்டல அத்தை. அவரு கட்டிக்கச் சொன்னாரு, கட்டிக்கினேன்.”

“நெனச்சிக் கட்டினா இன்னா, நெனைக்காம கட்டினா இன்னா? தாங்கினது நீதானே.”

எழுந்து நைனா பக்கம் திரும்பினார். “சம்மந்தி, நல்ல நேரம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் கீது. அந்தப் பத்தரப் போயி இட்டுக்கினு வாங்க. செய்யாத தப்புக்கு ஏச்சு வாங்கினவரு வயிறெரிய எம்புள்ள மோதரம் போட வாணாம்.”

நைனா சட்டை கூட மாற்றாமல் சைக்கிளை எடுத்தார். திரும்பி வரும்போது பின் கேரியரில் பத்தர் உட்கார்ந்திருந்தார். நைனா முகம் வியர்வையில் நனைந்திருந்தது, கண்ணும் சிவந்திருந்தது. வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இரண்டு பேருமே கடைசி வரை சொல்லவில்லை. பத்தர் என்னைப் பார்த்து, “ஏம் பாப்பா, நல்லபடியா நடந்துச்சுன்னியே?” என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சித்தப்பா மோதிரத்தை எடுக்கக் கை நீட்டினார். அத்தை தட்டை நகர்த்திக்கொண்டார்.

“அவ போடட்டும்.”

கூடத்தில் ஒரு சலசலப்பு. பெரியவர் ஒருவர், “இது இன்னா புதுப் பழக்கம்?” என்றார். அத்தை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பூபாலன் எதிரில் உட்கார வைத்தார். அத்தனை பேருக்கு நடுவில் அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பெண் பார்க்க வந்தபோது இருந்த மாதிரியே ஊமையாக உட்கார்ந்திருந்தார், விரலை மட்டும் நீட்டினார்.

மோதிரம் விரல் கணுவில் போய் நின்றுவிட்டது. அழுத்தினால் வலிக்குமோ என்று தயங்கினேன்.

“தள்ளுடி” என்றார் அத்தை என் தலைக்கு மேலிருந்து. “வலிச்சா அவன் சொல்லுவான்.”

தள்ளினேன். ஏறிவிட்டது.